சிங்கப்பூர் – நியூயார்க்: தூரம் ஒன்று, நேரம் மூன்று

சிங்கப்பூரிலிருந்து நியூயார்க் எவ்வளவு தூரம் என்று கேட்டால் ஒரே பதில்தான். சாங்கி விமான நிலையத்திலிருந்து கென்னடி விமான நிலையம் வரை 15,349 கிலோமீட்டர். எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்டால்தான் சிக்கல். பதினெட்டே முக்கால் மணி நேரம் என்பார் ஒருவர். அதெல்லாம் இல்லை, இருபத்து மூன்று மணி நேரத்துக்கு மேல் என்பார் இன்னொருவர். மூன்றாமவர் டிக்கெட்டை எடுத்து நீட்டுவார். அதில் இரவு பதினொன்றரைக்குப் புறப்பாடு, காலை ஐந்தரைக்கு வருகை என்று இருக்கும். கழித்துப் பார்த்தால் ஆறு மணி நேரம்!

மூன்று பேர் சொல்வதும் சரிதான். எப்படி என்று பார்ப்போம்.

முதலில் தூரம். இதற்கு இன்டர்நெட் கூட வேண்டாம், எட்டாம் வகுப்பு பூகோளம் போதும். சாங்கி இருப்பது கிழக்குத் தீர்க்கரேகை 104 டிகிரியில். கென்னடி இருப்பது மேற்குத் தீர்க்கரேகை 74 டிகிரியில். இரண்டையும் கூட்டினால் 178. முழுசாக 180 வந்திருந்தால் இரண்டு ஊரும் பூமியின் நேர் எதிர்ப்பக்கக் கோடுகளில் இருக்கின்றன என்று அர்த்தம். இரண்டே டிகிரிதான் குறைகிறது. ஆக, ஒரு ஊரிலிருந்து இன்னொரு ஊருக்கு மிகக் குறுகிய வழி கிழக்கும் இல்லை, மேற்கும் இல்லை. நேரே வடக்கே போய், வட துருவத்தின் தலையைத் தாண்டி, அந்தப் பக்கம் இறங்குவதுதான்.

கணக்கும் சுலபம். சாங்கி நிலநடுக்கோட்டிலிருந்து 1.4 டிகிரி வடக்கே. கென்னடி 40.6 டிகிரி வடக்கே. இரண்டும் சேர்த்து 42. அதை 180-லிருந்து கழித்தால் 138. ஒரு டிகிரிக்கு 111.2 கி.மீ. என்று பெருக்கிப் பாருங்கள், 15,346 வரும். கம்ப்யூட்டர் சொல்லும் விடைக்கும் இதற்கும் மூன்று கிலோமீட்டர்தான் வித்தியாசம். (பூமி உருண்டை என்று நம்பாதவர்கள் வேறு வழியில் முயற்சி செய்யலாம்.)

சுவரில் மாட்டும் உலகப் படத்தில் இந்த வழி தெரியவே தெரியாது. அந்தப் படத்தில் துருவம் என்பது ஒரு புள்ளியாக இல்லாமல் மேல் விளிம்பு முழுக்க இழுபட்ட கோடாகக் கிடக்கும். ஒரு பந்தை எடுத்து நூலைப் பிடித்துப் பார்த்தால்தான் புரியும். சிங்கப்பூரில் ஏறும் நூல் தாய்லாந்து வளைகுடா, லாவோஸ், சீனா, மங்கோலியா வழியாக பைக்கால் ஏரிக்குக் கொஞ்சம் மேற்கே சைபீரியாவுக்குள் நுழைந்து, துருவத்திலிருந்து 300 கி.மீ.க்குள் கடந்து, கனடாவின் பனித்தீவுகள் மீது இறங்கி, மாண்ட்ரியல் பக்கமாக நியூயார்க்கைத் தொடும்.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பூமியில் எந்த இரண்டு இடத்துக்கும் நடுவில் இருக்கக்கூடிய அதிகபட்ச தூரமே சுமார் 20,000 கி.மீ.தான். அதற்கு மேல் போனால் திரும்பி வர ஆரம்பித்துவிடுவோம். அந்த 20,000-ல் முக்கால் பங்குக்கு மேல் இந்த ஒரே தாவலில் போய்விடுகிறது.

இப்போது வேடிக்கை. இந்த மிகக் குறுகிய வழியில் விமானங்கள் அப்படியே போவதில்லை.

2018 அக்டோபர் 11-ம் தேதி சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் இந்த வழியில் இடைநில்லா சேவையை மறுபடி ஆரம்பித்தது. (ஆமாம், மறுபடி. அந்தக் கதை பின்னால் வருகிறது.) அப்போது நிறுவனம் அறிவித்த பயண தூரம் சுமார் 16,700 கி.மீ. நூல் பிடித்த கணக்கை விட 1,350 கி.மீ. அதிகம். சென்னையிலிருந்து நாகர்கோவில் போய்த் திரும்புகிற அளவு சுற்று! ஆனாலும் அந்த முதல் விமானம் 17 மணி 52 நிமிடத்தில் போய் இறங்கிவிட்டது. வகுத்துப் பார்த்தால் மணிக்குச் சராசரியாக 930 கி.மீ.க்கு மேல். அந்த ரக விமானம் காற்றில் சாதாரணமாகப் போகும் வேகமோ மணிக்கு சுமார் 900 தான். மிச்ச வேகம் எங்கிருந்து வந்தது?

காற்றிலிருந்துதான். பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக ஓடும் ஜெட் ஸ்ட்ரீம் என்ற காற்றாறு இருக்கிறது. குளிர்காலத்தில் ஜப்பான் பக்கம் அது மணிக்கு 200, 300 கி.மீ. வேகத்தில் கூட ஓடும். அதற்குள் புகுந்துவிட்டால் ரயில் பெட்டிக்குள் நடப்பதுபோலத்தான். நடப்பவரின் வேகத்தோடு ரயிலின் வேகமும் சேர்ந்துகொள்ளும். அதனால் சிங்கப்பூரிலிருந்து கிளம்பும் விமானம் துருவத்தை விட்டுவிட்டு, ஜப்பானைத் தாண்டி பசிபிக் வழியாகச் சுற்றிப் போகிறது. தூரம் கூடுகிறது, நேரம் குறைகிறது.

திரும்பி வரும்போது அதே காற்று எதிரியாகிவிடுமே? இங்கேதான் அந்த 178 டிகிரி உதவிக்கு வருகிறது. இரண்டு ஊரும் பூமியின் எதிரெதிர்ப் பக்கத்தில் இருப்பதால் கிழக்கே போனாலும் மேற்கே போனாலும் ஏறக்குறைய ஒரே தூரம்தான். எனவே நியூயார்க்கிலிருந்து கிளம்பும் விமானம் பல நாள்களில் மறுபடியும் கிழக்கேதான் திரும்புகிறது. அட்லாண்டிக், ஐரோப்பா, மேற்கு ஆசியா, இந்தியா என்று வந்து சிங்கப்பூரில் இறங்குகிறது. பசிபிக் வழியாகப் போய் அட்லாண்டிக் வழியாக வந்த பயணி, தனக்கே தெரியாமல் உலகத்தை ஒரு சுற்று சுற்றியிருப்பார். எந்தப் பக்கம் போவது என்பது ஒவ்வொரு நாளும் அன்றைய காற்றைப் பார்த்து முடிவாகிறது.

துருவ வழி பக்கம் பெரிதாகப் போகாததற்குக் காற்று மட்டும் காரணமில்லை. அவசரத்துக்கு இறங்க அங்கே விமான நிலையங்கள் குறைவு. வெளியே கடுங்குளிர். அமெரிக்காவில் நிரப்பும் ஜெட் ஏ எரிபொருள் மைனஸ் 40 டிகிரியில் உறைய ஆரம்பிக்கும். மற்ற நாடுகளில் நிரப்பும் ஜெட் ஏ-1 மைனஸ் 47 வரை தாங்கும். பிறகு, வானம் யாருடையது என்ற கேள்வி. 2022-ல் உக்ரைன் போருக்குப் பின் ரஷ்ய வான்வெளி பல நாட்டு விமானங்களுக்கு மூடப்பட்டபோது ஹெல்சிங்கி – டோக்கியோ பயணம் சுமார் ஒன்பதரை மணி நேரத்திலிருந்து பதின்மூன்று மணி நேரமாக நீண்டது. ஹெல்சிங்கியும் நகரவில்லை, டோக்கியோவும் நகரவில்லை. நமக்கு இன்னும் பக்கத்து உதாரணம் உண்டு. 2025 ஏப்ரலில் பாகிஸ்தான் தன் வான்வெளியை இந்திய விமானங்களுக்கு மூடியது. டெல்லியிலிருந்து வட அமெரிக்கா போன ஏர் இந்தியா விமானங்களில் சில, வியன்னா போன்ற ஊர்களில் இறங்கி எரிபொருள் நிரப்பிக்கொண்டு போக வேண்டியதாயிற்று. ஒரே நாளில் பயண நேரம் மாறிவிட்டது.

சரி, கடிகாரம் காட்டும் அந்த ஆறு மணி நேரத்துக்கு வருவோம். கோடைகாலத்தில் நியூயார்க் கடிகாரம் சிங்கப்பூரை விடச் சரியாகப் பன்னிரண்டு மணி நேரம் பின்னால் இருக்கும். முள் கடிகாரம் கட்டியிருப்பவர் அதைத் தொடவே வேண்டாம். சிங்கப்பூரில் இரவு பத்து என்றால் அங்கே காலை பத்து, அவ்வளவுதான். (உண்மையில் சிங்கப்பூரின் தீர்க்கரேகைக்கு ஏற்ற நேரம் இதைவிட ஒரு மணி குறைவாக இருக்க வேண்டும். மலேசியாவோடு ஒத்துப் போவதற்காக 1982 ஜனவரி 1 முதல் இப்போதைய நேரத்துக்கு மாறினார்கள்.) வியாழன் இரவு பதினொன்றரைக்குக் கிளம்பி பசிபிக் வழியாகப் போனால், புறப்பட்ட அரை மணியில் வெள்ளிக்கிழமை பிறக்கும். சர்வதேசத் தேதிக்கோட்டைத் தாண்டியதும் மறுபடியும் வியாழன். பிறகு இரண்டாவது முறையாக வெள்ளி. ஜன்னலுக்கு வெளியே ஒரு முழுப் பகல் சுருங்கி வந்து போய்விடும். இறங்கும்போது மீண்டும் இருட்டு. உடம்புக்கு மட்டும் பதினெட்டு மணி நேரம் ஆகியிருப்பது நன்றாகத் தெரியும்.

இனி நமக்குப் பிடித்த பகுதி, அதாவது காசு.

இந்தச் சேவையின் முதல் ஜென்மம் 2004 ஜூன் 28-ம் தேதி தொடங்கியது. நியூயார்க்கை ஒட்டிய நுவார்க் விமான நிலையத்துக்கு, ஏர்பஸ் ஏ340-500 என்ற நான்கு இன்ஜின் விமானத்தில். சாதாரணமாக முந்நூறு பேர் வரை உட்காரக்கூடிய அந்த விமானத்தில் 181 இருக்கைகள்தான் போட்டார்கள். அந்த வருடம் இன்னொரு செய்தியும் வந்தது. நடுவானில் யாராவது இறந்துபோனால் உடலை மரியாதையாக வைப்பதற்கென்று அந்த விமானங்களில் தனி அறை போன்ற ஒரு அலமாரி வைத்திருக்கிறார்கள் என்று. கேட்டால் திகிலாக இருந்தாலும் பதினெட்டு மணி நேரம், அதில் பாதி கடலுக்கு மேல் என்றால் யாராவது அதையும் யோசித்துத்தானே ஆக வேண்டும்.

முந்நூறு இருக்கையை ஏன் 181 ஆக்க வேண்டும்? எரிபொருளின் எடைதான் காரணம். இதைக் காஸ்டிங் படித்தவர்கள் ரசிப்பார்கள். விமானம் தன் எரிபொருளையும் தானே சுமக்க வேண்டும். சுமப்பதற்கு எரிபொருள் செலவாகும். அந்தக் கூடுதல் எரிபொருளைச் சுமக்க இன்னும் கொஞ்சம் எரிபொருள். துறையில் சொல்லும் தோராயக் கணக்கு, கூடுதலாகச் சுமக்கும் எடையில் மணிக்கு 3 முதல் 4 சதவீதம் அதைச் சுமப்பதற்கே எரிந்து போகும் என்பது. ஒரு மணி நேரப் பயணத்தில் இது பொருட்டில்லை. பதினெட்டு மணி நேரத்தில் கூட்டு வட்டி மாதிரி ஏறும். பதினேழாவது மணியில் எரிக்கப்போகும் ஒரு லிட்டரை, அதற்கு முந்தைய பதினாறு மணி நேரமும் தூக்கிக்கொண்டே பறக்க வேண்டும்.

இப்போது ஓடும் ஏ350-900 யுஎல்ஆர் விமானத்தை எடுத்துக்கொள்வோம். இதற்கென்றே தொட்டியின் கொள்ளளவை 1,41,000 லிட்டரிலிருந்து 1,65,000 லிட்டராகக் கூட்டினார்கள். முழுத் தொட்டியின் எடை சுமார் 132 டன். விமானம் கிளம்பும்போது இருக்கக்கூடிய அதிகபட்ச எடை 280 டன். கிட்டத்தட்ட பாதி! பயணிகள் 161 பேர். பெட்டியோடு சேர்த்து ஆளுக்கு நூறு கிலோ என்று வைத்தாலும் சுமார் 16 டன்தான். பயணிகளின் எடையைப் போல எட்டு மடங்கு எரிபொருள் தூக்கிக்கொண்டு போகிறது. பெட்ரோல் லாரியின் முன்சீட்டில் நாலு பேர் லிஃப்ட் கேட்டு ஏறிக்கொண்ட கதைதான்.

அப்படியானால் ஒரு லிட்டர் விலை ஏறினால் என்ன ஆகும்? அதுதான் ஆனது. 2004-ல் சேவை தொடங்கியபோது கச்சா எண்ணெய் பேரல் நாற்பது டாலருக்குள் இருந்தது. 2008 ஜூலையில் 147 டாலரைத் தொட்டது. அதே வருடம்தான் நிறுவனம் ஒரு துணிச்சலான முடிவெடுத்தது. விமானம் முழுக்க பிசினஸ் கிளாஸ், மொத்தமே 100 இருக்கைகள். ஆள் குறைந்தாலும் ஒரு ஆளிடம் வாங்கும் பணம் அதிகம், எடையும் குறைவு. காகிதத்தில் பிரமாதமான திட்டம். ஆனால் நியூயார்க்குக்குப் பிசினஸ் கிளாஸில் போகிறவர்களில் வங்கிக்காரர்கள் எத்தனை பேர் இருப்பார்கள் என்று யோசியுங்கள். 2008 செப்டம்பரில் லீமன் பிரதர்ஸ் கவிழ்ந்தது. அதற்குப் பிறகும் ஐந்து வருடம் ஓட்டினார்கள் என்பதே ஆச்சரியம். 2011-லிருந்து எண்ணெய் நூறு டாலருக்கு மேலேயே நின்றது. 2013 நவம்பரில் சேவை நின்றுபோனது. பத்து வயது கூட ஆகாத அந்த ஐந்து விமானங்களும், புது விமானங்கள் வாங்கும் பேரத்தின் ஒரு பகுதியாக ஏர்பஸ்ஸிடமே திரும்பின.

அடுத்த ஐந்து வருடம் பயணிகள் ஃபிராங்க்ஃபர்ட்டில் இறங்கி ஏறிப் போனார்கள். இப்போதும் அந்த வழியில் விமானம் உண்டு. தூரம் ஆயிரம் கிலோமீட்டர் சொச்சம்தான் கூடுதல். நடுவில் இறங்கி எரிபொருள் நிரப்பிக்கொள்வதால் வயிற்றைக் கட்டிக்கொண்டு போக வேண்டியதில்லை, எகானமி வகுப்பில் நிறையப் பேரை ஏற்றலாம். மொத்த நேரம்தான் இருபத்து மூன்று மணிக்கு மேல். முதல் பத்தியின் இரண்டாவது ஆசாமி இந்த வழிக்காரர்தான்.

ஆக, நேரடி விமானம் விற்கும் பொருள் என்ன? நாலரை, ஐந்து மணி நேரம். அதைத்தான் விலை போட்டு விற்கிறார்கள். 2018-ல் சேவை திரும்பி வந்ததற்கும் தூரம் காரணமில்லை. ஏ350-க்கு நான்குக்குப் பதில் இரண்டே இன்ஜின். முந்தைய தலைமுறை விமானங்களை விட 25 சதவீதம் எரிபொருள் மிச்சம் என்று ஏர்பஸ் சொல்கிறது. அந்த மிச்சத்தில்தான் கணக்கு நேராயிற்று. அதிலும் 161 இருக்கைகளில் 67 பிசினஸ், 94 பிரீமியம் எகானமி. சாதாரண எகானமி? பூஜ்யம்.

ஒரு விதிவிலக்கு வந்தது. 2020 நவம்பர் 9-ம் தேதி நுவார்க்குக்குப் பதிலாக கென்னடிக்கு விமானம் விட்டார்கள். கொரோனா காலம், பயணிகள் இல்லை, சரக்குக்கு மட்டும் நல்ல கிராக்கி. அதனால் எகானமி இருக்கைகளும் உள்ள சாதாரண ஏ350 விமானத்தையே அனுப்பினார்கள். ஆள் குறைவாக இருந்ததால்தான் அதனால் அவ்வளவு தூரம் போக முடிந்தது. கென்னடி, நுவார்க்கை விட வெறும் ஐந்து கிலோமீட்டர் அதிகம். அந்த ஐந்து கிலோமீட்டரில் உலகத்தின் மிக நீண்ட இடைநில்லா விமானப் பயணம் என்ற பட்டம் கென்னடிக்குப் போனது. இந்த இரண்டு விமான நிலையங்களுக்கும் நடுவில் நேர்கோட்டில் முப்பது கிலோமீட்டர் சொச்சம்தான். மாலை நேர நெரிசலில் அதைக் காரில் கடக்க இரண்டு மணி நேரம் கூட ஆகலாம்!

ஐந்து மணி நேரத்தின் மதிப்பு யாருக்கு எவ்வளவு என்பதில்தான் ஒரு நெருடல் இருக்கிறது. கம்பெனி காசில் போகும் அதிகாரிக்கு அது ஒரு மீட்டிங். சென்னையிலிருந்து மகளின் பிரசவத்துக்கு அமெரிக்கா போகும் அம்மாக்களை நினைத்துப் பாருங்கள். சென்னையிலிருந்து நியூயார்க்குக்கு இடைநில்லா விமானம் கிடையாது. நேர்கோட்டில் 13,500 கி.மீ. துபாயிலோ தோஹாவிலோ ஃபிராங்க்ஃபர்ட்டிலோ இறங்கி ஏற வேண்டும். அவர்கள் பயப்படுவது பறப்பதற்கு இல்லை. நடுவில் வரும் அந்த மூன்று மணி நேரத்துக்குத்தான். எந்த கேட், எந்த மாடி, எந்த ரயில், யாரிடம் கேட்பது? நன்றாக நடக்க முடிந்தவர்கள் கூட வீல்சேர் கேட்டு வாங்குவது கால்வலிக்காக மட்டுமில்லை. தள்ளிக்கொண்டு போகிறவர் சரியான கேட்டில் கொண்டுபோய் விடுவார் என்பதற்காகத்தான். பையன் ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்த துண்டுக் காகிதம் ஒன்று பாஸ்போர்ட்டுக்குள் இருக்கும். இடைநில்லா விமானம் அதிகம் தேவைப்படுவது இவர்களுக்கு. ஆனால் அதன் விலைக் கணக்கில் இவர்கள் இல்லை. நிறுவனத்தைக் குறை சொல்லிப் பயனில்லை. 132 டன் எரிபொருளுக்கு யாராவது பணம் கட்ட வேண்டுமே. என்றாலும் "பயணிகளின் வசதிக்காக" என்று விளம்பரத்தில் வரும்போது எந்தப் பயணி என்று கேட்கத்தான் தோன்றுகிறது.

சிங்கப்பூர் – நியூயார்க் பட்டத்துக்கு அடுத்த போட்டி தயாராகிக்கொண்டிருக்கிறது. ஆஸ்திரேலியாவின் குவான்டாஸ் நிறுவனம் சிட்னி – லண்டன் இடைநில்லா சேவைக்கு 2027-ஐக் குறி வைத்திருக்கிறது. 17,000 கி.மீ., காற்றைப் பொறுத்து 22 மணி நேரம் வரை. இதற்காகச் செய்யப்படும் ஏ350-1000 விமானத்தில் 238 இருக்கைகள். உடம்பை நீட்டி மடக்க நடுவில் ஒரு சின்ன இடமும் விட்டிருக்கிறார்கள். அந்த 238-ல் 140 சாதாரண எகானமி.

இருபத்திரண்டு மணி நேரம், எகானமி இருக்கையில். டிக்கெட் விலை வரட்டும், பார்க்கலாம்.